மட்டம் பார்த்தவர்கள்: எங்கள் நகர் அமர்த்திய வெள்ளத் திட்ட ஆலோசனைச் சேவை

தென்சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு மேற்கே ஏறத்தாழ 20 ஏக்கரில் 212 வீடுகள் கொண்டது எங்கள் நகர். மழைநீர் வடிகாலுக்கும் வெள்ளப் பாதுகாப்புக்கும் ஒரு திட்டம் வகுத்து, அதற்கான பணத்துக்கு வழியும் சொல்லித் தருவதற்காக எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் தனியார் ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தியது. வீட்டுக்கு 900 ரூபாய் என்று கணக்கிட்டு, வரி உட்பட 1,90,800 ரூபாய் கொடுத்தோம். பதினேழு வீட்டார் கடைசிவரை தரவில்லை. அந்தத் தொகையைப் பொங்கல் விழா நிதியிலிருந்து ஈடுகட்டியதை, பொருளாளர் என்ற முறையில் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். குறைகளையும் எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இத்தகைய சேவையை விலைக்கு வாங்க நினைக்கும் பிற சங்கங்களுக்கு, எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது தெரிந்தால் போதும்.

எங்களுக்கு ஏன் இது தேவைப்பட்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது எங்கள் வீடுகளில் இடுப்பளவு நீர் நின்றது. 2021 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் ஓர் இரவில் 21 சென்டிமீட்டர் பெய்த மழையில் முழங்காலளவு நின்றது. 2023-ல் மிக்ஜாம் புயல் வந்தபோது மூன்றாவது முறையாகப் பரணில் சாமான் ஏற்றினோம். ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்த மறுவாரம் சங்கக் கூட்டம் கூடும். ஒருவர் வடிகால் வேண்டும் என்பார், இன்னொருவர் ஏரியைத் திறந்ததுதான் காரணம் என்பார், மூன்றாமவர் சாலையை உயர்த்திவிட்டார்கள் என்பார். மூவரும் தத்தம் வாசலிலிருந்து பார்த்ததைத்தான் சொன்னார்கள். சென்னையின் பெரிய திட்டங்கள் வடிநில அளவில், அதாவது ஒரே வழியில் நீர் வடியும் பரப்பு முழுவதையும் சேர்த்து யோசிப்பவை: கொசஸ்தலையாற்று வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு 3,220 கோடி ரூபாய், கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடன், அடையாறு, கூவம் வடிநிலங்களுக்கு உலக வங்கிப் பணம் என்று அவை வகுக்கப்பட்டன. ஒரு நகரின் மூன்றாம் தெருவுக்கும் அதற்கு அடுத்த பெரிய சாலைக்கும் நடுவே விட்டுப்போன வடிகால் துண்டு எது என்பதை அந்த நகரில் குடியிருப்பவர்தாம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்வதற்கு வேண்டிய மொழி எங்களிடம் இல்லை. அதற்காகத்தான் ஆளைத் தேடினோம்.

ஒப்பந்தப்படி அவர்கள் செய்யவேண்டியவை மூன்று: தெருக்களையும் வடிகால்களையும் மட்டம் பார்த்து, அதாவது எந்த இடம் எவ்வளவு உயரம் என்று அளந்து, வரைபடம் தருவது, அதன்மேல் ஒரு வேலைத் திட்டம், அதற்கான நிதித் திட்டம். ஆறு வாரம் என்றார்கள். பதினொரு வாரம் ஆயிற்று. தாமதத்தில் பாதி எங்கள் பக்கம்தான். கேட்டைத் திறந்து உள்ளே விடாத வீடுகள் இருந்தன.

மட்டம் பார்த்த வேலையைப் பற்றி நிறையச் சொல்லவேண்டும். கொடுத்த பணம் அதற்கு மட்டுமே என்றாலும் எனக்கு மனக்குறை இல்லை. வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் தூரத்தையும் உயரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு முச்சந்தியில் நின்றார். ஓர் இளைஞர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக நடந்தார். மூன்றாமவரான பெண் பொறியாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்குள் போய், தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டார். எங்கள் நகரில் அதற்கு விடை சுவரிலேயே இருக்கிறது. இரண்டாம் தெருவில் ஒரு மூதாட்டி, 2015 தண்ணீர் வடிந்த அன்றே சமையலறைக் கதவின் நிலையில் கரித்துண்டால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதி வைத்திருக்கிறார். பிறகு வீட்டுக்கு இரண்டு முறை வெள்ளையடித்தும், அந்த நிலையைத் தொடவிடவில்லை. அந்தப் பெண் பொறியாளர் கீழே உட்கார்ந்து, கோட்டின் நடுவில் அளவுகோலை வைத்து, வெளியிலிருந்த கருவிக்கு ஜன்னல் வழியாகப் பார்வை கிடைக்கும்படி திரைச்சீலையை விலக்கச் சொல்லி, அளவை எடுத்தார். இப்படி 31 வீடுகளில் 2015-இன் நீர்க்கறையின் உயரம் அளக்கப்பட்டது. 2021-க்குக் கைப்பேசிப் படங்கள் உதவின. படத்தில் மூன்றாம் படி நனைந்திருந்தால் அந்தப் படியின் மேல்முகத்தை அளந்தார்கள். இதற்கு மேல் அவர்கள் செய்த ஒன்றை நாங்கள் கேட்கவே இல்லை: பெரிய சாலையைக் கடந்து, எதிர்ப்புறத்துக் கடைகளிலும் இதே இரண்டு வெள்ளங்களின் கறைகளைக் கேட்டு அளந்தார்கள்.

விடை அங்கேதான் கிடைத்தது. 2015-ல் சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீர் ஒரே மட்டத்தில் நின்றிருக்கிறது. எல்லாக் கறைகளையும் சேர்த்துப் பார்த்தால் 4 சென்டிமீட்டர்தான் ஏற்றத்தாழ்வு. 2021-ல் சாலைக்கு அந்தப் பக்கம் எங்களைவிட 40 சென்டிமீட்டர் தாழ்வாக நின்றிருக்கிறது. ஆகவே எங்களுக்கு வந்தவை ஒரே நோயின் இரண்டு தாக்குதல்கள் அல்ல, இரண்டு வெவ்வேறு நோய்கள். 2015-இன் நீர் சதுப்பு நிலத்திலிருந்து எதிர்த்து ஏறியது. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் அந்தச் சதுப்பு, குப்பைக்கிடங்காலும் கட்டடங்களாலும் பழைய பரப்பில் சிறு பங்காகச் சுருங்கி, 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதிலிருந்து நீர் ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாகத் தெற்குப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டில் கடலுக்குப் போகவேண்டும். அந்த வாய் திணறினால் எங்கள் தெருவில் எத்தனை வடிகால் கட்டினாலும் அதில் நீர் பின்னோக்கித்தான் ஓடும். 2021-இன் நீரோ எங்கள் தெருவிலேயே பெய்து, வெளியேற வழியில்லாமல் தேங்கியது. அதற்கு மருந்து எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அந்த மருந்தின் பெயர் கல்வெர்ட், அதாவது சாலைக்கு அடியில் நீர் கடக்கும் சிறுபாலம். எங்கள் பகுதிக் கொத்தனார்களும் சங்கத்து மூத்தவர்களும் அதைக் கல்வெட்டு என்றே சொல்வார்கள். முதல் கூட்டத்தில், கல்வெட்டை எப்படித் தாழ்த்துவது என்று ஓர் ஆசிரியர் திகைத்துப்போய்க் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. பெரிய சாலையின் குறுக்கே நீர் போவதற்கான அந்தச் சிறுபாலத்தின் நீர் ஓடும் அடிமட்டம், எங்கள் தெரு வடிகாலின் அடிமட்டத்தைவிட 35 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. போதாக்குறைக்கு அதன் குழாயில் பாதி வண்டல். நீர் முதலில் 35 சென்டிமீட்டர் தேங்கி நின்ற பிறகே வெளியே போக ஆரம்பிக்கும். கொசு ஒழிப்புக்காரர்கள் கோடையிலும் அந்த முனைக்கு வந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. இருபது வருடமாக அந்தப் பாலத்தின்மேல் நடந்து பால் வாங்கப் போகிறேன்.

வேலைத் திட்டத்தை அவர்கள் இந்த இரண்டு நோய்களையும் பிரித்து எழுதியது நல்ல முறை. தெருவில் பெய்யும் நீருக்கு: சிறுபாலத்தின் அடியைத் தாழ்த்திப் பெட்டி வடிவில் மாற்றுவது, மூன்றாம் தெரு முனையிலிருந்து அதுவரை விட்டுப்போன 140 மீட்டருக்கு ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) வடிகால், இடையிடையே வண்டல் படியும் குழிகள். எதிர்த்து ஏறும் நீருக்கு: மின்சார மீட்டர் பெட்டிகளை 2015 கோட்டுக்கு இரண்டடி மேலே ஏற்றுவது, சம்ப் எனப்படும் தரையடித் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்குக் கழுத்து கட்டி உயர்த்துவது, லிஃப்ட் உள்ள அடுக்ககங்களில் எச்சரிக்கை வந்தவுடன் லிஃப்டை மேல்தளத்தில் நிறுத்திவிடுவது, கழிவறைக் குழாயில் நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் அடைப்பிதழ் பொருத்துவது. வடிகாலின் வாயில் மடக்குக் கதவு ஒன்று வைத்தால் சதுப்பு நீர் உள்ளே வராதே என்று நாங்கள் கேட்டோம். வைக்கலாம், ஆனால் கதவு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் தெருவில் பெய்வதை வெளியேற்றப் பம்பு வேண்டும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் வேண்டும், நள்ளிரவில் அதை இயக்க ஆள் வேண்டும், இந்த மூன்றுக்கும் உத்தரவாதம் இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். நாங்கள் சொல்லவில்லை. விற்கக்கூடிய ஒன்றை விற்காமல் விட்டதற்கு அவர்களுக்கு மதிப்பெண் தரவேண்டும்.

அந்த மதிப்பெண்ணில் பாதியை, மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு கிணறுகளின் அத்தியாயத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மூன்றடி விட்டம், பதினைந்தடி ஆழத்தில் 60 உறைக்கிணறுகள் தோண்டினால் வெள்ளம் குறையும் என்று அறிக்கையில் வண்ணப்படத்தோடு எழுதியிருந்தார்கள். அவர்கள் கற்றுக்கொடுத்த கணக்கையே அவர்கள்மேல் போட்டுப் பார்த்தேன். எட்டு ஹெக்டேரில் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் பெய்து, அதில் 70 சதவீதம் தெருவுக்கு வந்தால் 28 லட்சம் லிட்டர். நாங்கள் கோடையில் வாங்கும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 233 லாரி. மேற்சொன்ன அளவுள்ள கிணறு ஒன்று காலியாக இருந்தாலும் ஏறத்தாழ 3,000 லிட்டர்தான் பிடிக்கும். அறுபது கிணறும் சேர்ந்தால் 15 லாரி. தவிர எங்கள் மண் களிமண், நவம்பரில் நான்கடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். காலியான கிணறு அப்போது எங்கே இருக்கும்? நீலாங்கரையிலோ உத்தண்டியிலோ மணற்பாங்கான கடற்கரைப் பகுதியில் இதே யோசனை அற்புதமாக வேலை செய்யும். அங்கே மழையை மணலே குடித்துவிடுகிறது, எங்களுக்குக் கான்கிரீட் வடிகால் எதற்கு என்று குடியிருப்போர் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனதும் அதனால்தான். அங்குள்ள ஏதோ ஒரு சங்கத்துக்கு எழுதிய பக்கங்களை எங்களுக்கு ஒட்டியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். சுட்டிக்காட்டியதும், பூங்காவின் மேடான மூலையில் நான்கு கிணறு போதும் என்று திருத்தினார்கள். 2003-இலிருந்தே மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்பதால், வீட்டுக் கூரை நீரைக் கிணற்றில் விடுவதை நான் குறைத்துப் பேசவில்லை. கோடையில் நீர் கிடைக்க அது உதவும். அதை வெள்ளத் தடுப்பு என்ற தலைப்பின்கீழ் விற்றதுதான் உறுத்தியது.

இனி பணம். இந்தப் பகுதியில் அவர்கள் செய்த மிக உபயோகமான காரியம், வேலையை உடைமைப்படி வெட்டித் தந்தது. சிறுபாலம் சாலையை வைத்திருக்கும் துறையினுடையது. 140 மீட்டர் வடிகால் உள்ளாட்சியின் பொறுப்பில் வரும். மீட்டரும் சம்பும் அவரவர் வீட்டுச் செலவு. முன்பு எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு அலுவலகமும் இது எங்களுடையது அல்ல என்று சரியாகவே திருப்பி அனுப்பியிருந்தது. இம்முறை மூன்று தனி வரைபடம், மூன்று தனி எஸ்டிமேட். சிறுபாலத்துக்கான மனுவோடு மட்ட அளவுகளையும் இணைத்துக் கொடுத்தபோது, துறையின் பொறியாளர் தம் கருவியோடு வந்து தாமே அளந்து பார்த்தார். எங்கள் 35 அவருக்கு 34 ஆக வந்தது. அன்றைக்கு அவர் எங்களிடம் பேசிய தொனியே வேறாக இருந்தது. முதல் காரியமாக வண்டல் அள்ளப்பட்டது. அடியைத் தாழ்த்தும் வேலை மதிப்பீட்டு நிலையில் இருக்கிறது.

வடிகாலுக்கு அவர்கள் காட்டிய வழி நமக்கு நாமே திட்டம். 1997-ல் தொடங்கி, இடையில் நின்று, நகர்ப்புறங்களுக்கு 2021-ல் மீண்டும் கொண்டுவரப்பட்ட இந்தத் திட்டத்தில், மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைத் தந்தால் மீதியை அரசு தரும். வடிகாலின் எஸ்டிமேட் 18 லட்சம். எங்கள் பங்கு 6 லட்சம். வீட்டுக்குச் சராசரி 2,830 ரூபாய். வரி கட்டுகிறோமே, இதற்கும் ஏன் கட்டவேண்டும் என்ற கேள்வி எழுந்தது, நியாயமான கேள்விதான். எங்களுக்கு அருகிலேயே இருக்கும் ஆலந்தூரை அவர்கள் உதாரணம் காட்டினார்கள். 1990-களின் பிற்பகுதியில், ஆர். எஸ். பாரதி நகராட்சித் தலைவராக இருந்தபோது, பாதாளச் சாக்கடைக்காக வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் வீதம் மக்களிடமே வைப்புத்தொகை திரட்டித் திட்டத்தை நிறைவேற்றிய ஊர் அது. எங்கள் கூட்டத்திலேயே அந்த 5,000 ரூபாயைக் கட்டிய ஒருவர் இருந்தார், ஆலந்தூரிலிருந்து வீடு மாறி வந்தவர். அவர் எழுந்து, கொடுத்தோம், குழாய் வந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆலோசகர்களின் நாற்பது பக்கத்தைவிட அது அதிகம் பேசியது.

ஆனால் 2,830 ரூபாயை எல்லார்மேலும் சமமாகப் போட முடியவில்லை. இரண்டாம் மாடியில் குடியிருப்பவர், எனக்கு எந்த வெள்ளத்திலும் கால் நனைந்ததில்லை என்றார். வாசல் முழுக்கச் சிமென்ட் போட்டவரும், பாதி மனையில் மாமரமும் மண்ணுமாக விட்டிருப்பவரும் ஒரே தொகை தருவதா என்று மாமரக்காரர் கேட்டார். இங்கே நிறுவனம் கொண்டுவந்த யோசனை, ஜெர்மனியிலும் அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும் நடைமுறையில் இருப்பது: கூரையும் தளமுமாக நீரை உள்ளே விடாத பரப்பு ஒரு மனையில் எவ்வளவோ, அவ்வளவுக்கு மழைநீர்க் கட்டணம். வானிலிருந்து எடுத்த படத்தை வைத்து ஒவ்வொரு மனையையும் அளந்தார்கள். நகர் முழுவதும் 4 லட்சம் சதுர அடி வந்தது. மூன்று சுற்றுப் பேச்சுக்குப் பிறகு பாதித் தொகையைச் சமமாகவும், மீதிப் பாதியைச் சதுர அடிக்கு 75 பைசா என்றும் பிரித்தோம். முழு மனையையும் மூடிய 2,400 சதுர அடிக்காரருக்கு 3,215 ரூபாய். பாதியை மண்ணாக விட்டவருக்கு 2,315. அடுக்ககங்களில் கட்டடத்தின் மொத்தப் பரப்பை வீடுகளுக்குப் பங்கிட்டோம். தெருவில் நடக்காமல் வீட்டுக்குப் போவீர்களா என்று கேட்டதில் இரண்டாம் மாடிக்காரரும் இறங்கி வந்தார். இரண்டு பேர் வாசல் சிமென்ட்டை உடைத்துவிட்டுத் தொகையைக் குறைக்கச் சொல்லி வந்திருக்கிறார்கள். தொள்ளாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு அதைவிட அதிகமாகக் கூலி கொடுத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

நிதித் திட்டத்தின் பெருங்குறை, கட்டிய பிறகு ஆகும் செலவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லாதது. வண்டல் குழிகளை ஐப்பசிக்கு முன் ஒருமுறை, மழை நடுவே ஒருமுறை அள்ளவேண்டும். அள்ளியதை அன்றே அகற்றாவிட்டால் அடுத்த மழையில் அது திரும்ப உள்ளேதான் போகும். ஆண்டுக்கு இதற்கு எவ்வளவு, யார் தருவது, கழிவுநீரை வடிகாலில் திருப்பிவிடுபவரைக் கண்டுபிடித்தால் என்ன செய்வது என்பவற்றை நாங்களே பிறகு உட்கார்ந்து எழுதினோம். எஸ்டிமேட்டில் பழைய ஆண்டின் விலைவிகிதப் பட்டியலைப் போட்டிருந்ததால் அதையும் ஒருமுறை திருத்தி வாங்க வேண்டியிருந்தது.

இன்னொரு குறை மொழி. அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் வந்தது. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட மழைநீர் வடிகால் கையேட்டின் சொற்களும் சூத்திரங்களும் அப்படியே இருந்தன. கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அதைப் புரட்டிவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்கள். தமிழில் கேட்டபோது தனிக் கட்டணம் என்றார்கள். கடைசியில் அந்தப் பெண் பொறியாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தாமாக வந்து, கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருந்த தண்ணீர் டியூபை இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு இடையே பிடித்து, 2015 கோடும் 2021 கோடும் எங்கெங்கே விழுகின்றன என்று காட்டினார். பிள்ளைகள் முதற்கொண்டு எல்லாருக்கும் புரிந்தது. அறிக்கைக்கு ஐந்துக்கு மூன்று தருவேன். அந்த மாலைக்கு ஐந்தும்.

அமர்த்த நினைக்கும் சங்கங்கள் ஒப்பந்தத்தில் சேர்க்கவேண்டியவை: மட்ட அளவுகளை எழுதிய மூல நோட்டின் நகல் உங்களுக்கு வரவேண்டும், வெறும் வரைபடம் போதாது, உங்கள் எல்லைக்கு வெளியே நீர் போய்ச் சேரும் இடம்வரை அளக்கவேண்டும், பராமரிப்புச் செலவு தனி அத்தியாயமாக வேண்டும், தமிழ்ச் சுருக்கம் அதே கட்டணத்தில் அடங்கவேண்டும். கட்டணத்தை மூன்று தவணையாகப் பிரித்து, கடைசித் தவணையை அரசு அலுவலகத்தில் முதல் மனு ஏற்கப்பட்ட பிறகே கொடுக்கும்படி எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் அறிக்கை கைக்கு வந்த அன்றே முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, விலைப்பட்டியல் திருத்தத்துக்கு ஒரு மாதம் தொலைபேசியில் அலைந்தோம். அளவுகளுக்கு ஆதாரமான பெஞ்ச்மார்க் குறியை ஓரிடத்தில் மட்டும் வைக்கவிடாதீர்கள். எங்களுக்குப் பிள்ளையார் கோயில் படியில் சிவப்பு வண்ணத்தில் குறித்துக் கொடுத்தார்கள். கும்பாபிஷேகத்துக்காகப் படிகளுக்குக் காவியும் வெள்ளையும் அடித்தபோது அது மறைந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் மேடையில் அவர்கள் கேட்காமலே வைத்துப்போன இரண்டாவது குறி இருந்ததால் துறைப் பொறியாளர் அளக்க வந்த அன்று தப்பித்தோம்.